சாம்பல் ஆணி

ஷோர்மே ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எங்கள் துறைமுக ஊரான தெமா நியூடவுனில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவாள். லாரி பின்னால் வந்தால் தெருவை விட்டே இறங்கி நிற்பாள். நாய்க்குப் பயம், போலீசுக்குப் பயம், கனவுக்குப் பயம். ஆனால் இதெல்லாம் சில்லறை. மொத்தப் பயமும் கடல்மேல்தான்.

மீனவர் குடியில் பிறந்து கடலுக்குப் பயந்தால் பிழைப்பு எப்படி ஓடும்? அவள் அப்பா ஒரு நாள் விடியலில் வலையோடு போனார். பிறகு வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அப்போது ஷோர்மே வயதுக்கு வந்த பெண். அவள் இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி ஒபோடாய். அம்மா மீனைப் புகையடித்து விற்று இரண்டு பேரையும் காப்பாற்றினாள். அம்மாவும் போன பிறகு தம்பிக்கு அம்மா இவள்தான். ஆனால் மீன் கூடையைத் தலையில் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டாள். மீன் என்றால் கரைக்குப் போக வேண்டும், வள்ளம் வருகிறதா வருகிறதா என்று கடலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கடலோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற ஒரு சாமானை விற்கலாம் என்று யோசித்தாள். ஆணி அகப்பட்டது. ஆணி கூரைக்குப் போகும், கதவுக்குப் போகும், கோழிக்கூண்டுக்குப் போகும். தரையில்தான் இருக்கும். அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

சந்தையில் ஒரு தட்டில் ஆணியைக் குவித்துவைத்து டப்பாவால் அளந்து விற்றவள், போகப் போகச் சீனாவிலிருந்து வரவழைக்கிற ஆளாகிவிட்டாள். தனியாக இல்லை. சந்தைப் பெண்கள் சில பேர் சேர்ந்து ஒரு கண்டெய்னர் பிடிப்பார்கள். ஒருத்திக்குப் பூட்டு, ஒருத்திக்குக் கீல், ஒருத்திக்குக் குழாய்ச் சாமான், ஷோர்மேக்கு ஆணியும் போல்ட்டும் நட்டும். அங்கே சரக்கைப் பார்த்து வாங்கி ஏற்றிவிடுவது டோடூ. ஊர்ப் பையன், படிக்கப் போனவன் அங்கேயே தங்கி, ஊர்ப் பெண்களுக்குச் சரக்கு பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன்.

கப்பல் தெமா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டதுமே ஷோர்மேக்குச் சோறு இறங்காது. கிரேன் பெட்டியைத் தூக்கும்போது கயிறு அறுந்துவிடுமோ என்று பயம். சுங்கத்தில் பெட்டியைத் திறப்பார்கள் என்று பயம். திறக்காமல் விட்டால் ஏன் திறக்கவில்லை என்று அதற்கும் பயம். மற்றப் பெண்கள் உள்ளே போய் அதிகாரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்க, இவள் துறைமுக வாசலில் கென்கி என்கிற சோளமாவு உருண்டை விற்கிறவளின் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, நீங்க கொண்டாறது ஆணிதானே? கஞ்சா இல்லையே?" என்பான் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் அங்க்ரா. "பின்ன ஏன் உங்களுக்கு இப்படி வேர்த்து ஊத்துது? உங்களைப் பார்த்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

இவ்வளவு பயந்தவள் வளர்த்த தம்பி எப்படி இருக்க வேண்டும்? நேர் எதிராக இருந்தான். படிக்கப் போட்டாள், பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்துக் கடலுக்கு ஓடினான். கடையில் உட்காரவைத்தாள், ஆணித் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினான். கடைசியில் சொந்த வள்ளத்துக்குச் சம்மாட்டியாகவே ஆகிவிட்டான். அவனை நம்பி இருபது பேர் வலை இழுக்கிறார்கள். வள்ளத்தின் பக்கப் பலகையில் மஞ்சளும் சிவப்புமாய்ப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தான்: "பொறாமைக்காரனே, நீயும் தின்னு." அவன் கடலில் இருக்கிற நேரமெல்லாம் ஷோர்மே கடையில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பாள். அவன் வலை காயப் போட்டுவிட்டு வந்து, "இன்னும் சாகலக்கா, என்ன சாப்பாடு?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

ஆணிக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் வந்த பெரிய ஆணிகள் சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுத்தது மாதிரி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆணி வாங்கினால் உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். கண் கூசினால் நல்ல ஆணி. சாம்பல் ஆணியைக் கண்டு மூக்கைச் சுளித்தார்கள்.

"இது என்ன தங்கச்சி, இடிச்ச வீட்டுல பொறுக்கினதா?" என்று கேட்டார் ஓடாவி அமார்த்தே. வள்ளத்துக்குப் பக்கப் பலகை ஏற்றி அடிக்கிறவர் அவர். ஆறு அங்குல ஆணியை மூட்டை மூட்டையாக வாங்குகிற ஆள். அவர் முகம் சுளித்தால் வியாபாரம் படுத்துவிடும். ஷோர்மே அன்றைக்கே டோடூவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அடுத்த தடவை பளபளன்னு வரணும். முகம் பாக்குற மாதிரி இருக்கணும்."

"எதுக்கு உபயோகம்னு இவங்க கேக்குறாங்க அக்கா. கடலுக்குன்னா சாம்பல்தான் நல்லதாம். காய்ச்சின துத்தநாகத்துல முக்கி எடுக்குறதாம் அது. பளபளப்புல பூச்சு ரொம்ப மெலிசாம்."

"அப்படித்தான்டா சொல்வான். ஓடாத சரக்கை யார் தலையிலயாவது கட்டணும்ல? ரெண்டுல எது வெலை கூட?"

"சாம்பல்தான் கூட."

"பாத்தியா! பழசைக் கூட வெலைக்குத் தள்ளப் பாக்குறான். நீ படிச்ச புள்ளை, உனக்கு வியாபாரம் தெரியாது. நான் சொன்னதை அனுப்பு."

எதற்கெல்லாமோ பயந்தவள் இதற்கு மட்டும் பயப்படவில்லை. தொட்டதற்கெல்லாம் நடுங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு இடத்தில் அசட்டுத் துணிச்சல் வந்துவிடும். வரக் கூடாத இடத்தில்தான் வரும்.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது சுங்க அதிகாரியே ஒரு ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். சரக்கு சூடான ரொட்டி மாதிரி போனது. அமார்த்தே வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதுதான் ஆணி!" என்று தலையில் வைத்துக் கொண்டாடினார். அந்தப் பளபளப்பு ஆணியில்தான் முதலில் இன்னொரு சம்மாட்டியான போர்ட்டேயின் வள்ளத்துக்கும், அடுத்து ஒபோடாயின் வள்ளத்துக்கும் பக்கப் பலகை புதிதாக ஏற்றினார். விற்காமல் கிடந்த சாம்பல் ஆணியை ஷோர்மே ஒரு பெரிய தகர டின்னில் போட்டுக் கடைக்குப் பின்னால் மழையில் தள்ளிவிட்டாள். இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த மழைக்காலத்தில் போர்ட்டேயின் வள்ளம் போயிற்று. திங்கட்கிழமை திரும்ப வேண்டியவர்கள், நடுக்கடலில் எஞ்சின் நின்று, தட்டுத் தடுமாறிச் செவ்வாய் விடியலில் அலைதடுப்புச் சுவரை நெருங்கினார்கள். அங்கே பக்கப் பலகை வாயைப் பிளந்துகொண்டது. எல்லோரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள், ஒருத்தனைத் தவிர. சோவா என்ற இளவட்டம். வலை காலில் சுற்றிக்கொண்டது. மறுநாள் பாறைகளுக்கு நடுவில் கிடைத்தான்.

செவ்வாய்க்கிழமை கடலின் நாள். அன்றைக்கு எங்கள் கரையில் ஒருவரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். வலை தைப்பார்கள், ஓட்டை அடைப்பார்கள், கரைத் தலைவரின் கொட்டகையில் வழக்குப் பேசுவார்கள். போர்ட்டேயின் வள்ளம் செவ்வாயில் கடலில் இருந்தது, கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எஞ்சின் நின்றது என்று அவன் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ஆட்டுக்கடாவும் ஜின் பாட்டில்களும் அபராதம். அதுகூடப் பரவாயில்லை, அவனோடு ஒரே தட்டில் கை நனைக்க ஆளில்லாமல் போயிற்று. சோவாவின் அம்மா லாமிலே அவன் வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அதுவோ திருவிழாவுக்கு முன்னால் மேளம் கொட்டக் கூடாத மாதம். சாவுச் சடங்கும் கூடாது. பிள்ளையைப் பிணவறையில் போட்டுவிட்டு அந்தக் கிழவி தடை தீரக் காத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமையில யாராச்சும் கடல்ல இருப்பாங்களா?" என்று ஷோர்மேயும் எல்லோரோடும் சேர்ந்து உச்சுக் கொட்டினாள்.

அடுத்த சில நாளில் இன்னொரு செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் நாள் பேய்மழை. காலையில் கடையைத் திறந்தவள் மூலையில் தண்ணீர் ஒழுகியிருப்பதைக் கண்டாள். அங்கே போன வாரம் வந்த பளபளப்பு ஆணி மூட்டை ஒன்று நனைந்து கிடந்தது. சாக்கைப் பிரித்தாள். மேலாக இருந்த ஆணிகள் செம்பனை எண்ணெயில் முக்கியது மாதிரி சிவந்திருந்தன. கையால் தேய்த்தாள். விரல் சிவந்தது.

பிறகு, ஏன் என்று தெரியாமலே கடைக்குப் பின்னால் போனாள். அந்தத் தகர டின் துருப்பிடித்து அடி விட்டுப்போயிருந்தது. உள்ளே கிடந்த சாம்பல் ஆணிகள் ஒரு வருஷ மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்தும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்துத் தேய்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

பூச்சு ரொம்ப மெலிசாம் அக்கா என்று டோடூ சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை அவள் பயந்ததெல்லாம் பயமே இல்லை. சோவா போய்விட்டான். ஒபோடாயின் வள்ளத்தில் அதே ஆணி. இன்று செவ்வாய்; வள்ளம் கரையில் இருக்கிறது. நாளை விடியலில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு மத்தி பிடிக்கப் போகும்.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழியைச் செவ்வாய்க்கிழமை சுமந்துகொண்டிருந்தது, போர்ட்டே சுமந்துகொண்டிருந்தான். சொன்னால்? லாமிலே கிழவியின் முகம் நினைவுக்கு வந்தது. தம்பியை மட்டும் எப்படியாவது நிறுத்திவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்தவர்களுக்கு இந்தப் பிறகு என்கிற சொல் ரொம்ப வசதி.

சிவந்த ஆணி ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு அமார்த்தேயிடம் போனாள். அவர் வள்ளத்துறையில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

"உள்ள வை, உள்ள வை," என்றார் அவர் அக்கம்பக்கம் பார்த்து.

"அண்ணே, இது..."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. போர்ட்டே பலகை கரை ஒதுங்கிச்சே, நான்தான் போய்ப் பார்த்தேன். ஆணியெல்லாம் நடுவுல இத்துப்போய் ஈர்க்குச்சி மாதிரி இருந்துச்சு."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா? 'நீதானேடா அடிச்சே'ன்னு என் மண்டையைப் பொளப்பானுங்க. நீ என் இடத்துல இருந்தா சொல்லியிருப்பியா?"

அவள் ஆணியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒபோடாய் வள்ளத்தைப் பிரிச்சு அடிச்சிரலாமா அண்ணே? யாருக்கும் தெரியாம?"

"தெரியாம அடிக்கிறதுக்கு அது என்ன முக்காலியா? பக்கப் பலகை மொத்தமும் இறக்கணும். மத்தி வர்ற நேரத்துல உன் தம்பி விடுவானா?" அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார். "விடு. இந்த சீசன் தாங்கும்."

"தாங்குமா?"

அமார்த்தே கடலைப் பார்த்தார். "தாங்கலாம்," என்றார்.

அந்த ஒரு சொல் அவளைக் கொன்றது. தாங்கும் என்றுதான் முதலில் சொன்னார்.

ஒபோடாய் தன் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஆட்களோடு வலை தைத்துக்கொண்டிருந்தான். வள்ளம் பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததால் மணப்பெண் மாதிரி மினுக்கியது. அந்தப் பெயிண்டுக்கு உள்ளே என்ன இருக்கிறதோ என்று நினைத்ததும் ஷோர்மே பலகையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"டேய், எங்கக்கா ஈர மணல்ல கால் வெச்சிருக்குடா!" என்று கத்தினான் தம்பி. "இன்னைக்கு மறுபடி மழைதான்."

அவள் அவனைத் தனியே இழுத்தாள். ஆணி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நாளைக்குப் போகாதடா. கெட்ட கனவு கண்டேன்."

"அடடா," என்றான் அவன். ஆட்கள் பக்கம் திரும்பி, "கனவு வந்துருச்சுடா!" என்றான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "அக்கா, போன மாசம் கனவுல கருப்பு ஆடு வந்துச்சு, போகாதேன்னே. அன்னைக்குத்தான் வள்ளம் முட்ட முட்ட மீன். அதுக்கு முன்னாடி பல்லு விழுந்துச்சு. உன் கனவைக் கேட்டிருந்தா நாங்க எல்லாரும் உன் கடையில ஆணி நிறுத்துக்கிட்டிருக்கணும்."

"இல்லடா, இந்தத் தடவை நெசமா..."

"ஒவ்வொரு தடவையும் நெசமாத்தான். போ, போய்க் காரமா மீன் குழம்பு வை."

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வலைக்குப் போய்விட்டான். வாழ்நாளெல்லாம் பயந்து பயந்து, உண்மையான பயம் வந்த நாளில் அவள் பேச்சுக்குக் காலணா மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் கரைத் தலைவரின் கொட்டகை. வழக்கம்போல நல்ல கூட்டம். ஓரமாகக் கென்கி விற்கிற பெண்கள், அவர்களுக்கு நடுவில் கறுப்புத் துணி கட்டிய லாமிலே. கொட்டகைக்கு முன்னால் போர்ட்டே நின்றுகொண்டிருந்தான். கையில் கயிறு, கயிற்றில் கடா. அபராதம் கொண்டுவந்திருக்கிறான். அவனைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஒருவரும் அருகில் போகவில்லை.

ஷோர்மே கடந்து போய்விடத்தான் பார்த்தாள். சத்தியமாக அப்படித்தான். ஆனால் போர்ட்டே அந்த நேரம் பார்த்துக் கடாவிடம் ஏதோ முணுமுணுத்தான், பேச வேறு துணை இல்லாதவன் மாதிரி. நாளைக்கு ஒபோடாயின் வள்ளம் பிளந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், வேறு எவனாவது இப்படி ஆட்டோடு பேசிக்கொண்டு நிற்பான், என் தம்பி இருக்க மாட்டான் என்று அவளுக்குப் பளிச்சென்று தோன்றியது. கால்கள் தாமாகக் கொட்டகைக்குள் போய்விட்டன.

"தலைவரே," என்றாள். குரலே எழும்பவில்லை. மறுபடி, "தலைவரே! அது செவ்வாய்க்கிழமை இல்ல. என் ஆணி."

கூட்டம் முதலில் புரிந்துகொள்ளவில்லை. அவள் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள்: சாம்பல் ஆணி, பளபளப்பு ஆணி, டோடூ எச்சரித்தது, தான் கேட்காதது, இன்று காலை சிவந்த விரல். சொல்லச் சொல்ல முந்தானை நனைகிற அளவுக்கு வேர்த்தது. சொல்லி முடித்தபோது அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"ஷோர்மே," என்றார் தலைவர் பொறுமையாக, "நீ நல்லவ. அவன் கஷ்டத்தைப் பார்த்து மனசு இளகிட்டே. ஆனா இரும்பு உடையணும்னா திங்கட்கிழமை உடையக் கூடாதா? கரெக்டா செவ்வாய்க்கிழமை வந்ததும்தான் உடையணுமா?"

"அதானே!" என்றது கூட்டம்.

"அது எல்லாத்துக்கும் பயப்படும் தலைவரே," என்றாள் ஒருத்தி. "இப்ப ஆணிக்கும் பயம் வந்துருச்சு."

அதற்குள் சேதி கேட்டு ஒபோடாய் ஓடிவந்தான். முகம் கடுத்திருந்தது. "அக்கா! கனவுன்னு சொன்னே, சிரிச்சுக்கிட்டு விட்டேன். இப்ப ஊரைக் கூட்டி என் வள்ளத்து மேல பழி சொல்றியா? நாளைக்கு எவன் என்கூட ஏறுவான்?"

"யாரும் ஏற வேண்டாம்டா," என்று அழுதாள் ஷோர்மே. "யாரும் ஏற வேண்டாம்."

அவன் கையை உதறிவிட்டுத் துறைக்கு ஓடினாள். அமார்த்தேயின் பட்டறையிலிருந்து ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்துக்கொண்டாள். கூட்டம் பின்னாலேயே வந்தது, பாதி வேடிக்கை பார்க்க. வள்ளத்தின் மணல் பக்கத்துப் பலகை உயரத்தில் இருந்தது; தண்ணீர்ப் பக்கம்தான் கைக்கு எட்டியது. அவள் இறங்கினாள். அலை வந்து முழங்காலைத் தட்டியது, பாவாடை மிதந்தது. பொறாமைக்காரனே என்ற சொல்லுக்குக் கீழே பெயிண்டைச் சுரண்டினாள். ஆணித்தலை தெரிந்தது. சுத்தியலின் பிளவைக் கொடுத்து நெம்பினாள்.

நெம்பவே வேண்டியிருக்கவில்லை. தலை மட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி கழன்று அவள் கையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சிரிப்பு நின்றிருந்தது. அமார்த்தே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். வள்ளத்துக்குள் ஏறி, உள்பக்கத்திலிருந்து பலகையை ஒரு தட்டுத் தட்டினார். கதவைத் தட்டுகிற மாதிரிதான் தட்டினார். பலகை வெளியே நகர்ந்தது.

ஒபோடாய் வந்து அந்த இடுக்கில் விரலை விட்டான். விரல் முழுவதும் உள்ளே போயிற்று. அவன் ஆட்கள் ஒவ்வொருவராக அந்த விரலைப் பார்த்தார்கள். எப்போதும் வாய் ஓயாதவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நானும் பாத்தேன்," என்றார் அமார்த்தே வள்ளத்துக்குள் நின்றபடி. "போர்ட்டே பலகையிலயும் இப்படித்தான். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்."

போர்ட்டே கடாவின் கயிற்றை இன்னும் விடவில்லை. "அப்ப அது நான் இல்லையா?" என்று கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. மறுபடி கேட்டான், "நான் இல்லையா?" அப்புறம் மணலில் உட்கார்ந்து பெரிய குரலில் அழுதான். அவன் பக்கத்தில் முதலில் போய் உட்கார்ந்தது ஒபோடாய்தான்.

ஷோர்மே கூட்டத்தில் லாமிலேயைத் தேடினாள். கிழவி கென்கிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. இப்போது வருவாள், மயிரைப் பிடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தண்ணீரில் நின்றபடியே காத்திருந்தாள். லாமிலே திரும்பி நடந்துவிட்டாள். கூடை ஆடாமல் போயிற்று.

அதற்குப் பிறகு கொட்டகையில் என்னென்னவோ தீர்ப்பானது. ஆட்டைப் போர்ட்டே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு வள்ளத்துக்கும் புதிதாகப் பலகை ஏற்றுகிற செலவு ஷோர்மேக்கும் அமார்த்தேக்கும் என்று முடிவாயிற்று. பளபளப்பு ஆணியைக் கரைப்பக்கம் விற்கவே கூடாது. டோடூவிடம் சாம்பல் ஆணி கேட்டபோது அவன், "நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்துவிட்டு, அவள் குரலைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

எதுவும் அவளை அசைக்கவில்லை. அவள் பயந்ததெல்லாம் லாமிலேக்குத்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள்தானோ என்று மார் அடித்துக்கொள்ளும். இல்லை என்றால் அதற்கும் அடித்துக்கொள்ளும். போர்ட்டே வாசலில் துப்பினவள் என் வாசலுக்கு ஏன் வரவில்லை? அடித்துவிட்டுப் போனால் தேவலை என்று ஆகிவிட்டது. சந்தைக்குச் சுற்று வழியில் போனாள். இரவில் விளக்கை அணைக்க மாட்டாள். ஒபோடாய் சிரிக்காமல் வந்து அவள் வாசலிலேயே படுத்துக்கொண்டான்.

மேளத் தடை தீர்ந்தது. ஊரெல்லாம் அதிர்ந்தது. தள்ளிவைத்த சாவுகளுக்கெல்லாம் நாள் குறித்தார்கள். அப்படி ஒரு நாள் பகலில், கடையில் தனியாக இருந்தபோது, நிலைப்படியில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். லாமிலே.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கிழவி உள்ளே வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

"ஆசாரி அனுப்பினான்," என்றாள். "பெட்டி செய்றான், சோவாவுக்கு. வள்ளம் மாதிரியே செய்யச் சொன்னேன். அதுல போனாத்தானே அவனுக்குப் பிடிக்கும்."

ஷோர்மே ஒரு முக்காலியைத் துடைத்து நகர்த்திவைத்தாள். கிழவி உட்காரவில்லை.

"ஆணி வேணும். பளபளன்னு வேண்டாம். அந்தச் சாம்பல் ஆணி இருக்கா?"

புதுச் சரக்கு இன்னும் கப்பலில் இருந்தது. ஷோர்மே பின்பக்கம் ஓடி, அடி விட்டுப்போன அந்தத் தகர டின்னை அடியில் சாக்கைக் கொடுத்துக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்தாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கிழவியின் மடியில் போட்டாள். லாமிலே ஒரு ஆணியை எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தாள்.

"இது தாங்குமா?"

"தாங்கும் பெரியம்மா," என்றாள் ஷோர்மே. "இது தாங்கும்."

லாமிலே மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே மகளே," என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.